பலாப்பழம் தாங்கிய கேபிள்

குழலுக்குள் நுழைய மறுத்த செம்புக் கம்பிகளை நான் கத்தரித்து எறிந்தேன். எழுதும்போதே கூசுகிறது. விரல் பருமன் கேபிள். அதன் முனையில் மாட்ட வேண்டிய செம்புக் குழலைக் கடையில் ‘லக்’ என்பார்கள். என்னிடம் இருந்த லக் ஓர் அளவு சிறியது. சரியானதை வாங்க மலையிறங்க வேண்டும், எனக்குச் சோம்பல். ஒவ்வொரு முனையிலும் மூன்றில் ஒரு பங்குக் கம்பியை வெட்டிவிட்டு, மிச்சத்தைச் செருகி, உளியும் சுத்தியலும் வைத்து நசுக்கினேன். மூன்று துண்டுக் கேபிள், ஆறு முனைகள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன.

அறுபதுகளின் தொடக்கம் அது. மலைமேல் திண்ணனூர் நாட்டில் மாவு மில் வைக்கப் புறப்பட்டிருந்தேன்; சில ஊர்கள் சேர்ந்தால் அந்த மலையில் ஒரு நாடு. டீசல் எஞ்சினுக்கு ஒரு பெல்ட் போட்டுக் கல்லைச் சுற்றவிட்டிருந்தால் போதும். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் அரைத்தது. நானோ மின்சாரத்தைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் படித்தவன். ஆகவே எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் மோட்டாரை ஓட்டும், மோட்டார் கல்லைச் சுற்றும் என்று ஏற்பாடு. எல்லாவற்றையும் கழற்றி, ஆள் வைத்துத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தோம்.

மில்லை வைத்த புல் வேய்ந்த கொட்டகை பக்கத்துக் காட்டு விவசாயியுடையது. மோட்டாருக்கு நேர் மேலே மூங்கில் பரணில் அவர் குடும்பத்தின் ஒரு வருஷச் சாமையும் கேழ்வரகும் இருந்தன. அடுத்த விதைப்புக்கான விதையும் அங்கேதான். ஒரு பொறி போதும்.

அதனால் சோதனை செய்தேன். கேபிளை உத்தரத்தில் கட்டி, ஒவ்வொரு லக்கிலும் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தொங்கவிட்டேன். எதுவும் கழன்று விழவில்லை. ஜெனரேட்டர் விற்ற அடிவாரக் கடையின் போர்மேன் இணைப்புகளைச் சரிபார்க்க மலையேறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, இரண்டு சொம்பு மோர் குடித்தார்.

“இழுத்துப் பாத்தீங்களா?”

“பலாப்பழமே தொங்கிச்சுங்க.”

“அப்புறம் என்னங்க!” என்றவர், சான்றாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். முனைகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாளைக் கொட்டகைக்காரரிடம் நீட்டினேன். அவர் அடிவாரத்து மில் ஒன்றில் மூட்டை தூக்கியவர்.

“ஏனுங்க, பழஞ் சுமக்கறதுக்கா வயரு வாங்குனீங்க? ஓடறப்ப சுடுதான்னு பாக்க வேண்டாமுங்களா?”

“படிச்ச ஆள் கையெழுத்துப் போட்டிருக்கார்” என்றேன் விறைப்பாக.

“என்ற பரண்ல கையெழுத்தா கெடக்குது? சாமைங்க.”

தேனடையிலிருந்து எடுத்த மெழுகை உருட்டி வந்தார். எஞ்சின் நிற்கும்போதே ஆறு முனைகளிலும் ஒவ்வோர் உருண்டை ஒட்டினோம். பிறகு ஓட்டி, கேழ்வரகை அரைக்கவிட்டேன். அரை மூட்டை முடிவதற்குள் இரண்டு உருண்டைகள் இளகி வழிந்தன. மூன்றாவது புகைந்தது. எஞ்சினை நிறுத்த ஓடியதில் கால் தடுக்கி மாவில் விழுந்தேன்.

புகைந்த லக்கை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தோம். வெளியே நசுங்கியிருந்தது, உள்ளே பொந்து. கம்பிகள் ஓரமாக ஒட்டிக்கொண்டு கறுத்துக் கிடந்தன. பலாப்பழத்தைத் தாங்க அது போதும், மின்சாரத்துக்குப் போதாது.

மறுநாள் கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினேன். கோபம் வழியெல்லாம் வளர்ந்தது. கடைவாசலிலேயே கத்தினேன்.

“பரண்ல விதை இருக்குய்யா! ஒரு குடும்பம் சாம்பலாப் போயிருக்கும்!”

போர்மேன் தாளை வாங்கி நிதானமாக வாசித்தார். “இழுவை சரின்னுதானுங்க எழுதியிருக்கேன். சூட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்களே. பரணைப் பத்தி எங்கிட்ட ஆரு சொன்னா?”

அந்தப் பரணுக்குக் கீழே உட்கார்ந்துதான் மோர் குடித்தார். தொண்டை கிழியக் கத்தினேன். என் கோபத்தை இன்னும் கிளறியது எது என்றால், கம்பியை வெட்டிய கத்தரிக்கோலைப் பிடித்தது என் கை என்பதுதான். வெட்டிய கம்பிகளைப் பற்றி அவர் கேட்டிருந்தால் என் கத்தல் அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளை, அதையும் அவர் பார்க்கவில்லை. பார்க்கிற பழக்கமே அவருக்கு இல்லை.

பழைய முனைகளை நறுக்கி எறிந்துவிட்டு, சரியான அளவு லக்குகளை மாட்டிக் கடைக் கைப்பிரஸ்ஸில் அழுத்தினார்கள். ஒரு கம்பிகூட வெளியே நிற்காதபடி பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றையும் நானே இழுத்தும் பார்த்து, எல்லார் எரிச்சலையும் சம்பாதித்துக்கொண்டேன். மேலே வந்து மாட்டி, மறுபடி மெழுகு ஒட்டி ஓட்டினோம். இரண்டு மூட்டை அரைத்தும் ஓர் உருண்டைகூட இளகவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, பாராட்டு வரும் என்று நிமிர்ந்து நின்றேன்.

கொட்டகைக்காரர் பரணில் ஏறி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கீழே நின்ற மனைவி வாங்கித் தலையில் வைத்துத் தங்கள் வீட்டுக்கு நடந்தார்.

“மெழுகு உருகலையே, பார்த்தீங்கல்ல? இன்னும் என்ன பயம்?” என்று சீறினேன்.

“வயரு நல்லாத்தான் இருக்குதுங்க” என்றார் அவர், அடுத்த மூட்டையை இழுத்தபடி. “மிஷினு ஓட்டறது நீங்கதானுங்களே.”