உறைந்த சூப்பின் அடியில்

இரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி டாக்டர் என்னைப் பார்த்தாரே, அந்தக் காலையில்தான் என் இரண்டாவது நோய் தொடங்கியது.

முதல் நோய் மார்பில் வந்தது. கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டுக் கீமோதெரபி (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது) தொடங்கியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் ஆறு. இரண்டு முடிந்திருந்தன. மூன்றாவதற்குப் போன அன்று ஊசி போடவில்லை.

“ஆன்டி, ஈரல் என்சைம் ரொம்ப ஏறியிருக்கு” என்றார் டாக்டர். (ஈரல் அணுக்கள் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் பொருள் அது.) “வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, பவுடர், ஜமு?” (ஜமு என்பது மலாய் மூலிகைக் கஷாயம்.)

“ஒன்னுமே இல்ல டாக்டர்.”

“கண்டிப்பா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருடமாக வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்க்கிறவள் நான். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவேன். “நான் பொய் சொல்ற ஆளு இல்ல” என்று சற்று உரக்கவே சொன்னேன். அவர் அதை என் கோப்பில் எழுதிக்கொண்டார்.

நான் சாப்பிட்டதெல்லாம் சூப்தான். வாய்ப்புண்ணில் வேறெதுவும் இறங்கவில்லை. கிள்ளானில் இருக்கும் என் அக்கா ஞாயிறுதோறும் ஆட்டெலும்பு, பருப்பு, காரட், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுப் பெரிய குக்கரில் வேகவைப்பாள். ஆறியதும் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, தட்டில் படுக்கவைத்து உறைய விடுவாள். மறுநாள் ஐஸ் பெட்டியோடு கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். முட்டிவலிக்காரி. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறி வருவதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

சூடாக்கித் தருவது என் கணவர் வேலை. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். விடிவதற்குள் கிளம்பவேண்டிய மனிதர், அதற்கு முன்பே உறைந்த பாளத்தை உடைத்துக் குக்கரில் போட்டு, அரைக் குவளைத் தண்ணீர் விட்டு, இரண்டு விசில் வைப்பார். பிறகு துணியில் வடிகட்டுவார். “எலும்புத் துணுக்கு வாயில குத்தும்” என்பார். இப்படி ஒரு கணவர் யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொள்வேன். சூப் கொஞ்சம் கசந்தது. கீமோ எடுத்தால் நாக்கில் எல்லாமே கசக்கும் என்று தாதியர் சொல்லியிருந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். அளவு இன்னும் ஏறியிருந்தது.

“கீமோவ நிறுத்தியும் ஏறுதுன்னா, ஈரலுக்குப் பரவியிருக்கான்னு பாக்கணும் ஆன்டி” என்றார் டாக்டர். ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கச் சில வாரமாகும் என்றார்கள்.

அந்த வாரங்களில் நான் செத்துப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பினாங்கில் படிக்கும் மகளை வரச் சொன்னேன். என் தாலிக்கொடியை உருக்க வேண்டாம், அப்படியே வைத்துக்கொள் என்றேன். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையை நினைவூட்டு என்றேன். பிள்ளை என் மடியில் விழுந்து தேம்பியது. என் கணவர் அதே நாற்காலியில், தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து ஒரு வேளை சூப் இரண்டு வேளை ஆனது.

ஒரு சனிக்கிழமை அவருக்குத் தொழிற்சாலையில் கூடுதல் வேலை. முதன்முறையாக நானே ஒரு பையை எடுத்தேன். சமையலறை வெளிச்சத்தில் பார்த்தபோது, பாளத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுப்புப் பச்சையாக இருந்தது, ஆற்று வண்டல் படிந்த மாதிரி. கொத்தமல்லியாக இருக்கும் என்று குக்கரில் போட்டேன். விசிலோடு வந்த ஆவியில் கஷாய வாடை வீசியது. அடுப்பை அணைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, சூப்புல என்ன போட்ட?”

“என்னத்த போடுவேன், எலும்பு, பருப்பு…”

“அடியில கறுப்பா நிக்குதே, அது என்ன?”



“மூலிகைப் பவுடர்லா. எங்க கோயில்ல ஒரு அக்கா விக்கிறாங்க. அத குடிச்சு ஒருத்தவங்களுக்குக் கட்டியே கரைஞ்சு போச்சாம். உங்கிட்ட சொன்னா நீ நேரா டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுவ. அவங்க நிறுத்தச் சொல்லிருவாங்க.”

“எத்தன நாளா?”

“மொத ஊசியிலேர்ந்து.”

“இவருக்குத் தெரியுமா?”

“கேட்டுட்டுத்தான்டி போட்டேன்.”

மாலையில் அவர் வந்ததும் குக்கரைத் திறந்து காட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“புள்ளைகிட்ட நான் தாலியப் பத்திப் பேசுனப்ப நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க?”

“அந்தப் பவுடராலதான் நீ இவ்ளோ நாளு தாங்குறேன்னு நெனச்சேன்” என்றார். “நிறுத்திட்டா போயிருவியோன்னு பயமா இருந்துச்சு.”

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மார்பில் இருந்த கட்டி என்னிடம் எதையும் மறைத்து வைத்து அன்பு என்று சொல்லவில்லை. இவர்கள் சொன்னார்கள். என் உடம்புக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரியாது, இவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அக்கா வீட்டிலிருந்து பவுடரை வாங்கிவரச் செய்து டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. “பவுடரால இருக்கலாம். நிறுத்திப் பாப்போம்” என்றார். ஸ்கேனில் ஈரலில் எதுவும் பரவியிருக்கவில்லை. என்சைம் மெல்ல இறங்கியது. நின்றுபோன ஊசிகள் தொடர்ந்தன, முடிந்தன.

இதே சிகிச்சையில் இருக்கிற நீங்கள் இதைப் படித்தால், ஒன்று செய்யுங்கள். டாக்டர் கேட்கும்போது நீங்கள் மட்டும் பதில் சொல்லாதீர்கள். உங்களுக்குச் சமைக்கிறவரையும் கூடவே அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.

அக்காவோடு பேச எனக்கு ஐந்து மாதம் ஆனது. இப்போது வெறுங்கையோடு வருகிறாள், தேநீர் குடித்துவிட்டுப் போகிறாள். முடி வளர்ந்துவிட்டது. வாய்ப்புண் ஆறிவிட்டது. ஆனால் எந்த உணவையும் வாயில் வைத்தவுடன் விழுங்க முடிவதில்லை. ஒரு நொடி நாக்கில் நிறுத்திக்கொள்கிறேன். அந்த நொடி முன்பு என் வாழ்க்கையில் இல்லை. இப்போது ஒவ்வொரு வாய்க்கும் இருக்கிறது.

என் கணவருக்கு அது தெரியும். கஞ்சியோ ரசமோ, என் முன்னால் வைத்ததும் அதே கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து முதலில் அவர் குடித்துக் காட்டுகிறார். நான் கேட்கவில்லை, அவராகவே தொடங்கினார். ஒரு வருடமாகிறது. போதும், விடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். இன்று காலையும் அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.