திறப்பு விழா கண்ட கூரை

பதுளை ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ரயிலுக்குப் போக்கிடம் இல்லை. சனிக்கிழமை காலைகளில் நான் அங்கே நின்றுகொண்டு, சுற்றுலா வந்தவர்களுக்கு ரயில் பாதையின் கதையைச் சொல்வேன். பிறகு தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய சாமான் கொட்டகை, ஹாலிஎல வரை ரயில், அங்கிருந்து நடந்துபோய் மூடிக் கிடக்கும் தேயிலை ஆலை. இந்த நடையை நடத்தும் என் முதலாளி, அதன் கடைசியில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் ஒன்றையும் புதிதாகச் சேர்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பாதுகாக்கப்பட்ட வரலாறு’. அந்த லயத்தின் மூன்றாவது காம்பராவில் என் அக்கா குடியிருந்தாள்.

யார் பாதுகாத்தார்கள் என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவின் கூரை வெறும் சல்லடை. ஐப்பசி வந்தால் சட்டி பானையெல்லாம் ஒழுக்குக்குக் கீழே போய்விடும், சோறாக்கப் பாத்திரம் இருக்காது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், தோட்டத்து மேனேஜரான தொரையின் கடிதம் இல்லாமல் ஓர் ஆணியைக்கூட மாற்ற முடியாது. நடையாய் நடந்து அவள் அந்தக் கடிதத்தை வாங்கி, புதுத் தகரமும் கொண்டுவந்து இறக்கிய வாரத்தில்தான் முதலாளி மூக்கை நுழைத்தார்.

“அந்தத் துருப்புடிச்ச கூரையப் பாக்கத்தான் சனம் வரப்போகுது. தை மாசம் வரைக்கும் தகரத்த மாத்த வேணாம்னு தொரைகிட்ட சொல்லி, அவரும் சரின்னுட்டாரு. அக்காவுக்கு நீங்க எடுத்துச் சொல்லுங்க.”

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வெட்கமில்லாமல் போய்ச் சொன்னேன்.

“மழையும் தை மாசம் வரைக்கும் பொறுத்திருக்குமான்னு ஒன் மொதலாளிகிட்ட கேட்டுட்டு வா” என்றாள் அக்கா.

லயத்துக்குப் போகும் முதல் நடைக்கு முந்தின நாள் அங்கே உத்தரவு போனது. வெள்ளைக்காரர் வருகிறார், டிஷ் அண்டெனாக்களை இறக்குங்கள், கொடியில் துணி வேண்டாம். கோயில் கமிட்டித் தலைவர் இதை யோசித்துப் பார்த்தார். தோட்டத்துக்குப் பெரிய ஆள் வந்தால் எதையாவது திறந்துவைக்காமல் போனதில்லை. ஒரு தண்ணீர்க் குழாய்க்குக்கூட மாலையும் குத்துவிளக்கும் உண்டு. அப்படியானால் இவர் எதைத் திறக்கப்போகிறார்? லயத்தில் புதிதாக இருந்தது அக்காவின் தகரம் மட்டும்தான்.

நாங்கள் வளைவில் திரும்பியதும் தப்பு மேளம் முழங்கியது. எங்கள் கூட்டத்தில் மூத்தவர், ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ரயில் எஞ்சினியர். தொப்பியும் நோட்டுப் புத்தகமுமாக வந்த அவர் கழுத்தில் தலைவர் மாலையைப் போட்டார். பன்னீர் தெளித்து, பொட்டு வைத்து, கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள்.

“இது என்ன சடங்கு?” என்று அவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிகப் பழைய வழக்கம்” என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு ஏணியில் ஏறி ஆணியைத் தட்டினார்.

அதற்குப் பிறகு யாரால் நிறுத்த முடியும்? லயத்து ஆண்கள் நாலு பேர் கூரையில் ஏறினார்கள். விஷயம் கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த தொரை வாயைத் திறப்பதற்குள் அவருக்கும் ஒரு மாலை விழுந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், வெள்ளைக்காரர் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரித்தார். மத்தியானத்துக்குள் அக்காவின் கூரை முழுக்கப் புதுத் தகரம்.

“அங்க இனிமே வரலாறே இல்ல” என்று முதலாளி லயத்தை நடையிலிருந்து நீக்கினார். என்னை நீக்கவில்லை, அவ்வளவு ஆங்கிலத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் மழை கொட்டியது. அக்கா வீட்டில் பானைகள் எல்லாம் அடுப்பங்கரையில் இருந்தன. அவள் சிரித்துக்கொண்டே சோறு போட்டாள். அப்போது நாலாவது காம்பராக்கார அம்மா, தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

“தங்கச்சி, எனக்குத் தொர கடுதாசி தரமாட்டேங்கறாரு. அந்த மாதிரி இன்னொரு தொப்பிக்காரரு இருந்தா கூட்டியாம்மா.”

சரி என்றேன். அந்தச் சனிக்கிழமை பதுளையில் கூட்டத்துக்கு வணக்கம் சொல்லும் முன்பே, யார் தலையில் தொப்பி இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டேன்.