ஏழு மாதம் என்று சொன்னேன்

சல்லிக் கிராமத்தில் அந்த வீட்டுக்கு நான் முதன்முதல் போனபோது, பிள்ளையை எந்த இடத்தில் புதைப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை உயிரோடுதான் இருந்தது. தாயின் மடியில், பழைய சீலைக்குள், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

சண்டைக் காலம். குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளைக் கிழமைக்கு ஒரு தரம் தேடிப்போய் நிறுத்துப் பார்ப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைப் பழக்கிவிட்டிருந்தார்கள். தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். நிறுப்பேன், எழுதுவேன், திரும்பிவிடுவேன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம்.

முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த, தாயின் மாமியார் எழுந்து வந்தார்.

"மகள், ஆஸ்பத்திரித் துண்டில என்ன போட்டிருக்கு? ஏழா, எட்டா?"

ஏழாம் மாதத்தில் பிறந்தால் தப்பும், எட்டில் பிறந்தால் தங்காது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். துண்டில் எட்டு என்றுதான் இருந்தது. தங்காத பிள்ளைக்குப் பால் எதற்கு என்று, மருமகளுக்கு மீன் கொடுப்பதைக்கூட நிறுத்தியிருந்தார்கள். அவள் என் வாயையே பார்த்தாள்.

"ஏழு, அம்மா" என்றேன்.

அடுத்த கிழமை போனபோது, மருமகளுக்குப் பால் ஊறவென்று அடுப்பில் சுறா வறை இருந்தது. பிள்ளை ஐம்பது கிராம் கூடியிருந்தது. அதற்கடுத்த கிழமை இன்னும் நூறு. நான் சந்தோஷமாகச் சைக்கிள் மிதித்தேன்.

ஒன்றை நான் கேட்டு வைக்கவில்லை. பிள்ளை பிறப்பதற்கு ஏழரை மாதம் முன்னால், சுற்றிவளைப்பில் அவளுடைய புருசனை ஆமிக் காம்புக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அவள் முழுகாமல் இருப்பதை வீட்டில் சொன்னதே அதற்குப் பிறகுதான். கணக்குப் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரி.

"ஏழு மாசப் பிள்ளையெண்டால், அக்கா, உங்கட மோன் காம்பில இருந்து ஒருக்கா வந்திட்டுப் போனவரோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டுச் சிரித்தாளாம்.

நாலாம் கிழமை நான் போனபோது மருமகளின் உடுப்புகள் முற்றத்தில் கிடந்தன.

"எட்டு, அம்மா. நான்தான் மாத்திச் சொன்னனான். துண்டைப் பாருங்கோ."

"அண்டைக்கு ஏழு, இண்டைக்கு எட்டு. அவள் கேட்டால் நாளைக்கு ஒன்பதும் சொல்லுவாய். நீ எழுதுற துண்டுதானே அது." மாமியார் சத்தம் போடவில்லை. "ஏழெண்டால் அது எங்கட இல்லை. எட்டெண்டால் சாகிறது. ரெண்டுக்கும் இஞ்ச சோறில்லை."

அவள் பிள்ளையைச் சட்டைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கப்பல்துறையில் அவளுக்கு ஒரு தமக்கை இருந்தாள். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். டவுனில் எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தபடியே நடந்தேன். பஸ் வந்துவிட்டது.

இரண்டு கிழமையாகப் பாதை பூட்டு. பிறகு கப்பல்துறைக்குப் போனேன். தமக்கை வீட்டிலும் ஒரு நேரச் சாப்பாடுதான். அவளுக்குப் பால் வற்றியிருந்தது. பிள்ளை அழக்கூட இல்லை. நூற்றெண்பது கிராம் குறைந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்று தொடங்கினேன்.

"நீங்கள் கதைக்க வேண்டாம், அக்கா" என்றாள் பிள்ளையின் தாய். "நிறுத்தாச்சுதானே. போங்கோ."

நான் போனேன். வண்டி ஒன்று பிடித்து அவளைக் கட்டாயமாக ஏற்றியிருக்கலாம். எழுதிக்கொண்டு போனேன்.

நாலு நாளில் பிள்ளை செத்துப்போனது.

துண்டைத் திருப்பி வாங்கி வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் என்னை அனுப்பினார்கள். கப்பல்துறையில் அவள் இல்லை. மாமியார் தானே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று தமக்கை சொன்னாள். சல்லிக்குப் போனேன்.

"நீங்கள் சொன்னது சரி, மகள்" என்றார் மாமியார். "எட்டுத்தான். எங்கட மோன்ர பிள்ளைதான். ஏழெண்டால் அது தங்கியிருக்கும்."

மருமகள் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் உள்ளே போய் அவள் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் மீன் வைத்தார்.