சித்தப்பா கேட்ட கேள்வி

சலவைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்த சித்தப்பாவை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், வெளிநாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தயவில் தகவல் மையம் நடந்தது. காமிரா வைத்த அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பயிருக்கு வந்த சீக்கை விவசாயி சொல்லச் சொல்ல எழுதி, இலையைப் படம் பிடித்து அனுப்புவேன். உலகத்து அறிவெல்லாம் உங்கள் வாசலுக்கே வரும் என்று திட்ட அலுவலர் மேடை போட்டுச் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

அந்த வருஷம் சித்தப்பா குத்தகைக்கு எடுத்திருந்த மானாவாரிக் கொல்லையில் பருத்தி இலை சிவந்துகொண்டே வந்தது. அந்த ஒரு வெள்ளாமையை நம்பித்தான் குடும்பம். படம் அனுப்பினேன், மறுபடியும் அனுப்பினேன், பதிலே இல்லை. அதற்குள் திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று மையத்துக்கு வெள்ளையடித்தார்கள். யாராவது பார்க்க வந்தால் ஒரு வழக்கம் உண்டு. பதில் ஏற்கெனவே கையில் இருக்கிற கேள்வியை ஒரு விவசாயி காமிரா முன்னால் புதிதாகக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். அந்த முறை காய்ப்புழுவைப் பற்றிய கேள்வி, கேட்க வேண்டியவர் சித்தப்பா. அலுவலர் ஒத்திகைகூடப் பார்த்தார்.

திரையில் அந்த நிலையத்து விஞ்ஞானி, தமிழ் தெரியாதவர், தெரிந்ததும் சித்தப்பா ஒத்திகையைக் காற்றில் பறக்கவிட்டார். "ஐயா, என் பருத்தி எலயெல்லாம் செவந்து போச்சுங்க. புழு இல்லீங்க. என்ன செய்யறதுன்னு சொல்லுங்கய்யா, உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றார். அலுவலருக்கு முகம்கூட மாறவில்லை. காய்ப்புழுக் கேள்வியையே ஆங்கிலத்தில் சொன்னார். விஞ்ஞானியும் பாவம், அக்கறையாகப் பதில் சொன்னார். காய்ப்புழுவின் அந்துப்பூச்சியைப் பிடிக்கக் கொல்லையில் பொறி வைக்க வேண்டுமாம்; அதை அலுவலர் தமிழில் சொன்னார். வந்தவர்கள் கைதட்டினார்கள்.

வாசலிலேயே சித்தப்பாவை மறித்தேன். "நீங்க கேட்டதுக்கு அவரு பதில் சொல்லல சித்தப்பா. சார் கேள்விய மாத்திட்டாரு."

"போம்மா. அம்புட்டுப் படிச்சவரு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு. நீ என்னத்தக் கண்ட?"

அலுவலரிடம் போய்ச் சண்டை போட்டேன். "புரோகிராம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்மா, கெடுத்துடாத" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

சித்தப்பா சிவந்த கொல்லை முழுக்கப் பொறியைக் கட்டித் தொங்கவிட்டார். தினம் போய்ப் போய்ப் பார்த்தார். காய் வெடிக்காமலேயே செடி காய்ந்தது. கொல்லைக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிட, சித்தப்பா ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு மூட்டை தூக்கப் போனார். பருத்தி எடுத்த கை கடைசிவரை சிமெண்டுத் தூசியில் வெளுத்தே கிடந்தது.

இப்போது ஆளாளுக்குக் கையில் போன் இருக்கிறது, கேட்ட நிமிஷத்தில் பதில் வருகிறது. அது எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான். சித்தப்பாவுக்கு அந்தச் சந்தேகம் ஒருநாளும் வரவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே சாகும்வரை இதைத்தான் சொன்னார்:

"அவரு சரியாத்தாம்மா சொன்னாரு. நான்தான் பொறிய ஒழுங்காக் கட்டாம வுட்டுட்டேன்."