பேரின்பநாதன் வெளியே அனுப்பிய பிள்ளை

மொன்றியலின் ஓரத்துக் கர்க்லாண்டில் மருந்து அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பேரின்பநாதன் வேலை செய்தார். அது வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய மனம் கிடந்தது சனி, ஞாயிறுகளில்தான். சிறுமிகளின் உதைபந்தாட்டத்துக்கு அவர் நடுவர். இளம் வயதில், இலங்கையின் கிழக்கே, கல்முனைப் பக்கத்துக் கழகமொன்றுக்குக் கோல் காத்தவர். மனைவி யோகராணி தேய்த்து வைத்த கறுப்புச் சட்டையை எடுத்து, தானும் ஒருமுறை தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார். கோட்டுக்கு வெளியே நின்று பெற்றோர் கத்தினால் திரும்பியும் பார்க்கமாட்டார். ஒருவர் பக்கமும் சாயாதவர் என்று பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2007 மாரிகாலத்தில் பக்கத்து லவால் நகரில் ஒரு முஸ்லிம் சிறுமி தலைத்துணியோடு விளையாட வந்தாள் என்று ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டாள். அதற்குப் பிறகு கியூபெக் மாகாணம் முழுக்க அதே கதைதான். வந்தேறிகளுக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது, அவர்களின் சமயத்தை எந்த வாசலோடு நிறுத்துவது என்று தொலைக்காட்சியிலும் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையிலும் வாதாடினார்கள். பனி கரைந்து ஆட்டங்கள் தொடங்கும் நேரம், பேரின்பநாதன் நடுவராக நிற்கும் ஆட்டங்களை ஒழுங்குசெய்யும் மனிதர் நடுவர்களைக் கூப்பிட்டு, தலைத்துணி கழுத்தில் இறுகி ஆபத்து வரும், கட்டியிருந்தால் ஆட்டமில்லை, யோசிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆனி மாதத்தில் இல்-பிசார் தீவில் ஒரு ஆட்டம். குடியேறிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிப் பிள்ளைகள் பெற்றோரின் கார்களில் நெருக்கியடித்து வந்து இறங்கினார்கள். அவர்களில் பின்வரிசையில் நிற்கும் ஹனானை அவருக்குப் போன ஆண்டே தெரியும். பன்னிரண்டு வயது. பந்து எங்கே வரும் என்று முதலே போய் நிற்கிற பிள்ளை. கெட்டிக்காரி என்று அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார். இந்த ஆண்டு அவள் தலைத்துணி கட்டியிருந்தாள்.

பேரின்பநாதன் அருகில் போய்ப் பார்த்தார். இழுபடுகிற துணி. ஊசி இல்லை, முடிச்சு இல்லை, நுனி சட்டைக்குள் செருகியிருந்தது. ஆனாலும் கழற்று, இல்லாவிட்டால் வெளியே இரு என்றார்.

இதனால் யாருக்கு அடிபடும் என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள்.

“விதி அப்படி. நான் சொல்லவில்லை,” என்றார்.

அவள் அழவில்லை. போய்க் கோட்டுக்கு வெளியே கிடந்த வாங்கில் இருந்தாள். அவளுடைய அணி ஓராள் குறைவாக ஆடித் தோற்றது.

அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் கனகசிங்கம் அவரைத் தேடி வந்தார். இருவரும் ஒரே ஊர்; கனகசிங்கம் மூத்தவர். செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. பேரின்பநாதனின் தோளை இறுக்கிப் பிடித்தார்.

“நல்ல வேலை செஞ்சாய் தம்பி. அண்ணனை நீ மறக்கல்ல.”

பேரின்பநாதன் சாப்பிடாமலே யோகராணியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அவருடைய அண்ணனை 1990இல் பக்கத்து முஸ்லிம் ஊரைச் சேர்ந்த, அரசாங்கம் ஆயுதம் கொடுத்த ஊர்காவல்படைக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் தமிழ் இயக்கத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சரிக்குச் சரி என்று சொன்னவர்கள் அவருடைய தெருவிலேயே இருந்தார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. எதிர்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. கனடாவுக்கு வந்தபோது அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தார்.

காரில் யோகராணியிடம் கேட்டார்.

“நான் விசிலை விதிக்காக ஊதினனா, அண்ணனுக்காக ஊதினனா?”

“அது உங்களுக்குத்தானே தெரியும்.”

“எனக்குத் தெரியல்ல. அதுதான் பயமா இருக்கு.”

ஹனானின் தகப்பன் ரஷீத், மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒலிவ் காயும் பேரீச்சம்பழமும் விற்பவர், அல்ஜீரியாக்காரர். அணியின் பயிற்சியாளரிடம் விசாரித்து ஒரு சனிக்கிழமை பேரின்பநாதன் அங்கே போனார். தான் யார் என்று சொன்னதும் ரஷீத்தின் முகம் இறுகியது. வந்த சனத்துக்கு நிறுத்துக் கொடுத்துக்கொண்டே, ஏன் வந்தாய் என்று கேட்டார். பேரின்பநாதன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அதைத் தான் செய்ததற்கு ஒரு சாட்டாகச் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

ரஷீத் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அல்ஜீரியாவில் தன் தங்கையின் கணவன் பள்ளி ஆசிரியன் என்றும், மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அவனை வீட்டு வாசலில் வைத்துக் கொன்றார்கள் என்றும் சொன்னார். மகள் தலைத்துணி கட்டப்போகிறேன் என்றபோது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லையாம். பல மாதம் சண்டை பிடித்தாராம். அவள் கேட்கவில்லை.

“அவளோடு வாதாடுவது என் வேலை,” என்றார் ரஷீத். “என் வீட்டில் வைத்து வாதாடுவேன். நீ அதை மைதானத்தில், அத்தனை பேருக்கு முன்னால் செய்தாய்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. பேரின்பநாதனும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பேரின்பநாதன் ஒழுங்குசெய்பவரிடம் போய், தலைத்துணிக்காக இனி ஒரு பிள்ளையையும் வெளியே அனுப்பமாட்டேன் என்றார். அப்படியானால் உனக்கு ஆட்டமில்லை என்றார் அந்த மனிதர். அந்தக் கோடை முழுக்க அவருக்கு ஒரு ஆட்டமும் வரவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்து யோகராணியின் பொறுமையைச் சோதித்தார்.

இலையுதிர் காலத்தில் அரசாங்கம் ஊரூராகக் கூட்டம் வைத்து, சமயமும் பொதுவாழ்வும் பற்றி மக்களின் கருத்தைக் கேட்டது. மொன்றியல் கூட்டம் ஒன்றில் யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கிக்கு முன் வந்து பேசலாம். பேரின்பநாதனும் பேசப் போய் நின்றார்; யோகராணி முன்வரிசையில் இருந்தாள். அவருக்கு முன் பேசிய பெண், இந்தத் துணிகள் பெண்களை அடிமையாக்குகின்றன என்றாள். அவள் குரல் நடுங்கியது. அவளும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறாள் என்று பேரின்பநாதன் நினைத்தார்.

தன் முறை வந்ததும் திக்கித் திக்கிப் பேசினார். தான் ஒரு நடுவர், ஒரு சிறுமியை வெளியே அனுப்பியவர் என்றார். முஸ்லிம்களால் தன் வீட்டுக்கு இழப்பு உண்டு, அது ஆறவில்லை, ஆறுமென்று சொல்லவும் வரவில்லை என்றார்.

“அந்த விதியை என் கையில் தந்தவர்கள் என் கோபத்தைப் பற்றிக் கேட்கவில்லை,” என்றார். “கேட்டிருந்தால், அந்தப் பிள்ளைமேல் விசில் ஊத நான் சரியான ஆள் இல்லை என்று சொல்லியிருப்பேன்.”

சிலர் கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர் கேலியாகக் குரல் கொடுத்தார். அடுத்தவர் பேச எழுந்தார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு கனகசிங்கம் ஒரு வருசமளவும் அவரோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு செத்தவீட்டில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான். அடுத்த கோடையில் பார்க் எக்ஸ்டென்ஷன் பூங்காவில் எந்தக் கழகத்திலும் சேராமல் ஆடிய பிள்ளைகளுக்குப் பேரின்பநாதன் நடுவராக நின்றார். ஹனான் வரவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக்கு மாறிவிட்டாள், அதுதான் அவளுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறதாம் என்று ரஷீத் சொன்னார். பேரின்பநாதன் அதைப் பாதிதான் நம்பினார்.