தாளின் மறுபக்கம்

என் தந்தை விருதுநகரில் வக்கீலாக இருந்தார். போலீஸ் எழுதிய வாக்குமூலங்களின் நகல், விசாரணை தொடங்குமுன் குற்றஞ்சாட்டப்பட்டவர் கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நகல் எடுக்கத்தான் ஆளில்லை. ஆகவே கோர்ட்டில் எதிரெதிரே நின்று வாதாடும் இருவர், என் தந்தையும் அரசுத் தரப்பு வக்கீலும், ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சனிக்கிழமை காலையில் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மூலத்தாள்களோடு எங்கள் வீட்டுக்கு வருவார். இலக்கிய மாணவியான நான் நகல் எழுதுவேன்.

சில மாதங்கள் அந்த வேலை எனக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிறகு அரசுத் தரப்பு வக்கீலின் மகள் தட்டச்சு இயந்திரத்தோடு வந்தாள். என்னைவிட ஒரு வயது இளையவள். கார்பன் தாள் வைத்து ஒரே அடியில் நான்கு நகல் எடுத்தாள்.

“மெஷினு என்னமாப் பேசுதுங்கய்யா!” என்றார் ரைட்டர்.

“ஏம்மா, உன் கையெழுத்தக் கண்ணுல ஒத்திக்கிடலாம். ஆனா நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள கேசே முடிஞ்சு போகுமே” என்றார் தந்தை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு மிஞ்சியது ஒப்புநோக்கும் வேலை. மூலத்தை நான் உரக்க வாசிக்க, அவள் நகலில் சரிபார்ப்பாள். அடியில் நான் சுருக்கொப்பமிடுவேன்.

திருத்தங்கல் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வழக்கு ஒன்று வந்தது. காயவைத்திருந்த சரக்கில் தீப்பற்றி ஒருவருக்குக் கை வெந்துவிட்டது. கவனக்குறைவு என்று ஒரு தொழிலாளிப் பெண்மீது குற்றச்சாட்டு; அவளுக்கு வக்கீல் என் தந்தை. அவளோடு வேலை பார்த்தவளின் வாக்குமூலத்தை ரைட்டர் தாளின் இருபுறமும் எழுதியிருந்தார். தட்டச்சு செய்தவள் முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். வாசித்துக்கொண்டு வந்த எனக்கு மறுபக்கத்து மை நிழலாகத் தெரிந்தது. தாளைச் சற்றே தூக்கிப் பார்த்தேன். தீப்பற்றியபோது குற்றஞ்சாட்டப்பட்ட பெண் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள் என்று அங்கே இருந்தது.

“அம்புட்டுத்தானாக்கா?” என்று கேட்டாள் தட்டச்சு செய்தவள்.

“அவ்வளவுதான்” என்று சொல்லி ஒப்பமிட்டேன். அவள் பிழை கோர்ட்டில் எல்லோர் முன்னும் வெளிப்பட வேண்டும் என்பதைத் தவிர அப்போது என் மனத்தில் வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை, நகலை வாங்கிக்கொள்ள அந்தத் தொழிலாளிப் பெண் வந்தாள்.

“தாயி, எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்கதான வாசிச்சீக? நான் தண்ணிக்குப் போனத அந்தப் புள்ள சொல்லியிருக்காளா? அவளும் மாத்திப் பேசிட்டா நான் செயிலுக்குத்தான் போகணும்.”

நான் நீட்டிய நகலில் அது இல்லை.

“சொல்லியிருக்காங்க. ஒரு பக்கம் விட்டுப்போச்சு. எடுத்துட்டு வாரேன், இருங்க” என்றேன்.

மூலம் அரசுத் தரப்பு வக்கீலின் வீட்டில் இருந்தது. போய், ஒரு பக்கம் விடுபட்டதை அவர் மகளிடம் சொன்னேன். சனிக்கிழமையே பார்த்துவிட்டதைச் சொல்லவில்லை. அவள் தாளைத் திருப்பினாள். ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “அப்பா, நாந்தான் திருப்பிப் பாக்காம விட்டுட்டேன்” என்றாள்.

நகல் முழுமையில்லை என்று அவள் தந்தையே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி வாய்தா கேட்டார். சாட்சி வந்து எழுதியிருந்தபடியே சொன்னாள். தொழிலாளிப் பெண் விடுதலையானாள்.

“தப்ப ஒத்துக்கிட அந்தப் புள்ளைக்கு எம்புட்டுத் தைரியம்!” என்றார் தந்தை, சாப்பிடும்போது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள், “அக்கா, இனிமே தாள நான் திருப்புறேன். நீங்க வாசிங்க” என்றாள். மற்ற யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் இடம் வைக்காமல், முதல் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.