டிரைவர் திட்டாத நாள்

டயாலிசிஸ் வார்டில் அவளுக்கு ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். இருபது வருஷமாக ஊசி குத்துகிற நர்ஸ் சிரித்துக்கொண்டே குத்த வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? வீட்டிலும் அதே முகம்தான், புருஷன் பழகிவிட்டான். சிரிப்பதற்கென்றே வார்டில் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அவருக்கு நோயாளிகளைத் தெரியாது, கட்டில்களைத் தெரியும். எந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்பதே அவர் படித்த மருத்துவம்.

மூளையில் அடிபட்டவர்களுக்கு இயந்திரத்தை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ரத்தத்தை அவசர அவசரமாகச் சுத்தம் செய்தால் மூளை வீங்கிவிடும். இந்தப் பொறுமை வேறு யாருக்கும் இல்லாததால் அவர்களையெல்லாம் சிடுமூஞ்சி தலையில் கட்டினார்கள். அதில் ஒருவர் பஸ் டிரைவராக இருந்தவர். விபத்தில் மண்டை உடைந்து, பின்னாலேயே சிறுநீரகமும் கைவிட்டது. மனைவி பெயர்கூட மறந்துவிட்டது. மறக்காதது ஒன்றுதான். யார் பக்கத்தில் போனாலும் “ஓரம் போ” என்று அதட்டுவார். “நீங்க முதல்ல ஹாரன் அடிங்க” என்பாள் இவள். அவர் ஊசியைப் பிடுங்கிவிடாமல் இருக்க, மணிக்கணக்கில் அந்தக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

அன்று அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது டிரைவர் பரம சாதுவாகப் படுத்திருந்தார். தான் வந்து நின்றதும் அடங்கிவிட்டதாக மேற்பார்வையாளர் பெருமையடித்துக்கொண்டார், ஏதோ புலியைப் பழக்கியவர் போல. இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று மனைவியும் பூரித்துப்போயிருந்தாள்.

சிடுமூஞ்சி அதை நம்பவில்லை. காதருகே குனிந்து கூப்பிட்டாள். திட்டு வரவில்லை. இயந்திரத்தைப் பார்த்தாள், வேகம் இரண்டு மடங்காகியிருந்தது. அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கிறார் என்று மேற்பார்வையாளரே கூட்டிவைத்திருந்தார். இயந்திரத்தை நிறுத்தினாள், இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள், டாக்டரை ஓடிவரச் சொன்னாள். தலையில் அடிபட்டவருக்கு மயக்கமெல்லாம் சகஜம்தானே என்று மேற்பார்வையாளர் இழுத்தார்.

“அவருக்கு மூளையில அடி, சார். உங்களுக்கு என்ன?”

வீக்கத்துக்கு மருந்து ஏறியது. ஒரு மணி நேரம் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிடுமூஞ்சிக்கும் பயமாகத்தான் இருந்தது. மேற்பார்வையாளர் மட்டும் கட்டிலை மறைத்து நின்றுகொண்டு, எல்லாம் இயந்திரக் கோளாறு என்று டாக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

டிரைவர் கண்ணைத் திறந்தார். எதிரே நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓரம் போ” என்றார்.

மனைவி உடைந்து அழுதாள். “கேட்டுச்சா சார்? போங்க” என்று சொல்லிவிட்டு, சிடுமூஞ்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.